ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு: எங்கே தொடங்குவது?

அரசுப் பள்ளியில் இந்த ஆண்டுதான் சேர்ந்திருக்கிறீர்கள், ஒன்பது, பத்து இரண்டு வகுப்புக்கும் நிகழ்தகவு நடத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பகடைக் கணக்கை எல்லாரும் சரியாகப் போடுகிறார்கள், ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் 1/2 என்றோ 1/3 என்றோ எழுதிவைக்கிறார்கள். வரையறையில் தொடங்கலாமா, நாணயம் சுண்டுவதில் தொடங்கலாமா என்பது உங்கள் கேள்வி. எதில் தொடங்குவது என்று கேட்டிருந்தாலும், உங்களை உறுத்துவது அந்த 1/2-ம் 1/3-ம் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

நான் 26 வருஷம் உயர்நிலைப் பள்ளிகளில் கணக்கு நடத்தியவள். கீழே வரும் கணக்குகளை நீங்களே போட்டுச் சரிபார்க்கலாம், அவற்றில் சந்தேகத்துக்கு இடமில்லை. பாடம் நடத்தும் விதம் பற்றிச் சொல்வதெல்லாம் என் வகுப்புகளில் பலித்தது, அவ்வளவுதான். என் வகுப்பில் 40 பேருக்கு மேல் இருந்ததில்லை. உங்களுக்கு 65 பேர் இருந்தால் சிலவற்றை மாற்றித்தான் செய்ய வேண்டியிருக்கும்.

நம் பிள்ளைகள் n(A)/n(S), அதாவது நமக்கு வேண்டிய விளைவுகளின் எண்ணிக்கையை மொத்த விளைவுகளின் எண்ணிக்கையால் வகுப்பது, என்பதை நன்றாக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அந்தச் சூத்திரம் எப்போது செல்லும் என்ற நிபந்தனை மட்டும் மனதில் நிற்பதில்லை. கூறுவெளியில் (வரக்கூடிய எல்லா விளைவுகளின் தொகுப்பு, S) உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவு வாய்ப்பு இருந்தால்தான் அப்படி வகுக்கலாம். இதில் தமிழ் வழிப் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பாடநூலில் விளைவை முன்கூட்டிச் சொல்ல முடியாத சோதனைக்கும் ‘சமவாய்ப்புச் சோதனை’ என்றே பெயர். எல்லா விளைவுக்கும் ஒரே வாய்ப்பு உள்ளதற்கும் ‘சம வாய்ப்பு’ என்றே பெயர். இரண்டும் வேறு வேறு. ஆனால் பிள்ளை என்ன நினைக்கும்? சமவாய்ப்புச் சோதனை என்று புத்தகமே சொல்லிவிட்டது, அப்படியானால் எல்லாம் சமம்தான் என்று நினைக்கும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் முதலாவதை ‘எழுமாற்று’ என்கிறார்கள், அங்கே இந்தக் குழப்பம் வர வழியில்லை. நான் பல வருஷம் இதைக் கவனிக்காமலே நடத்தியிருக்கிறேன். கவனித்த பிறகு முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ‘சொல் ஒன்று, பொருள் இரண்டு’ என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போவேன்.

உங்கள் பிள்ளைகள் எழுதும் 1/3 பெரும்பாலும் இரண்டு நாணயக் கணக்கில் வந்திருக்கும். இரண்டும் தலை, இரண்டும் பூ, ஒன்று தலை ஒன்று பூ என மூன்று வழி, ஆகவே ஒவ்வொன்றுக்கும் 1/3. இதைக் கேட்டதும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். 18-ஆம் நூற்றாண்டின் பெரிய கணித மேதைகளில் ஒருவரான தாலம்பேர், திதரோவோடு சேர்ந்து பதிப்பித்த கலைக்களஞ்சியத்தில் 1754-இல் இதே தடத்தில் சறுக்கியிருக்கிறார். இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு எவ்வளவு என்பது கேள்வி. முதல் முறையே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. இல்லாவிட்டால் பூ-தலை அல்லது பூ-பூ. ஆக மூன்று வழி, அதில் இரண்டு சாதகம், விடை 2/3 என்று எழுதினார். சரியான விடை 3/4. மூன்று வழி என்று எண்ணியது தப்பில்லை, மூன்றும் ஒரே எடை என்று எடுத்துக்கொண்டதுதான் தப்பு. இந்தக் கதையைச் சொன்னால் தவறாகச் சொன்ன பிள்ளையின் முகம் தெளிந்துவிடும்.

இதைத் திருத்த ஒரு ஒரு ரூபாய் நாணயமும் ஒரு ஐந்து ரூபாய் நாணயமும் போதும். ஒரே மாதிரி இரண்டு நாணயம் வேண்டாம், வேறுபாடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். ‘ஒன்று தலை ஒன்று பூ’ என்று விழும்போதெல்லாம் ‘எது தலை?’ என்று கேளுங்கள். சில சமயம் ஒரு ரூபாய், சில சமயம் ஐந்து ரூபாய் என்று அவர்களே சொல்வார்கள். 40 பேரும் ஆளுக்குப் பத்து முறை சுண்டினால் மொத்தம் 400 முறை. கலந்து விழுந்தது 200-ஐ ஒட்டி வரும், மற்ற இரண்டும் 100-ஐ ஒட்டி வரும். அப்புறம் மரவரைபடம் போட்டால் அது ஏற்கெனவே பார்த்த ஒன்றின் படமாக இருக்கும்.

1/2-க்கு வேர் வேறு. நடக்கும் அல்லது நடக்காது, ஆகவே பாதி என்பது அந்த யோசனை. இதற்கு நீண்ட விளக்கம் தேவைப்பட்டதில்லை. ‘நாளைக்கு நம் வகுப்புக்குள் யானை வரும் அல்லது வராது, அப்படியானால் 1/2-ஆ?’ என்று கேட்டாலே போதும். சிரித்துவிட்டு அவர்களே திருத்திக்கொள்வார்கள். ஆனால் ஒரு மாதம் கழித்து அதே தவறு வேறு உருவில் திரும்பி வரும், அதற்கும் தயாராக இருங்கள்.

என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்தது தாயக்கட்டை. நீளமான பித்தளைக் கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு பக்கம்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஒரு வெறும் பக்கம். இரண்டிலும் விழுந்ததைக் கூட்ட வேண்டும், இரண்டுமே வெறுமையாக விழுந்தால் 12. ஆக விழக்கூடியவை 1, 2, 3, 4, 5, 6, 12. இதில் ஒன்றுக்குத்தான் தாயம் என்று பெயர். முதலில் ஒரு ஒன்பதாம் வகுப்பில் இதைச் செய்தபோது, 12 விழ வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டேன். ஏழு எண் இருக்கிறது, 1/7 என்று முன்பெஞ்சிலிருந்து உடனே பதில் வந்தது. பின்னாலிருந்து ஒரு பையன், கணக்கில் வழக்கமாக வாயே திறக்காதவன், ‘பன்னிரண்டு அவ்வளவு சீக்கிரம் விழாது டீச்சர், மூணுதான் அடிக்கடி விழும்’ என்றான். அவன் ஆச்சியோடு தினமும் ஆடுகிறவன். ஏன் மூன்று அதிகம் விழுகிறது என்று அவனையே கேட்டேன். கொஞ்ச நேரம் விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு, ‘மூணு வர நிறைய வழி இருக்கு’ என்றான். நான் நடத்த நினைத்த பாடம் அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது.

கரும்பலகையில் நாலுக்கு நாலு கட்டம் போடுங்கள், மொத்தம் 16 கட்டம். 3 நான்கு கட்டங்களில் வரும். 2-ம் 4-ம் மூன்று மூன்று. 1-ம் 5-ம் இரண்டு இரண்டு. 6 ஒரே ஒரு கட்டம், 12-ம் ஒரே கட்டம். ஆகவே காய் இறங்கத் தேவையான தாயம் விழ வாய்ப்பு 2/16, அதாவது எட்டில் ஒன்று. எங்கள் பக்கத்தில் 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம்; அதற்கு 6/16. உங்கள் ஊரில் விதி மாறியிருந்தால் அந்த ஊர் விதிக்கே கணக்குப் போடச் சொல்லுங்கள், அது இன்னும் நல்லது. பிள்ளைகள் நிச்சயம் கேட்கும் கேள்வி: எட்டில் ஒன்று என்றால் எட்டு முறை உருட்டினால் தாயம் கட்டாயம் விழுமா? விழாது. எட்டு முறையும் தாயமே விழாமல் போக 7/8-ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.34. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே! தாயம் விழாமல் காயை வெளியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அனுபவம் உள்ள பிள்ளைகளுக்கு இந்த எண் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். நிகழ்தகவுகளை இப்படிப் பெருக்குவது ஒன்பதாம் வகுப்புக்குப் பாடத்திட்டத்தில் இல்லைதான். ஆர்வம் இருக்கும் வகுப்பில் சொல்லலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

அடுத்து ஒரு பிள்ளை, ‘எங்க ஆச்சி உருட்டினா கேட்டது விழுமே’ என்று சொல்லும். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். கட்டையின் நாலு பக்கமும் சமம் என்று நமக்கு யார் சொன்னது? அச்சில் வார்த்த கட்டை ஒரு பக்கம் கனத்திருக்கலாம், பழகிய கையும் ஏதாவது செய்யலாம். உருட்டிப் பார்த்து எழுதி வைத்தால்தான் தெரியும். பட்டறி நிகழ்தகவுக்குள், அதாவது செய்து பார்த்து எண்ணிக் கண்டுபிடிக்கும் நிகழ்தகவுக்குள், நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குக் கிடைக்கவில்லை. இங்கே ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டையைக் கையில் கொடுங்கள், அல்லது சோடா மூடியைக் கொடுங்கள். வெள்ளை மேலே விழ வாய்ப்பு எவ்வளவு என்பதைப் புத்தகத்திலோ சூத்திரத்திலோ தேட முடியாது. ஒவ்வொருவர் கொட்டைக்கும் விடை வேறு, தேய்த்த அளவைப் பொறுத்து. எறிந்து, எண்ணி, வகுத்துத்தான் சொல்ல வேண்டும். எண்ணி வந்த விடையை 1/2-க்குப் பக்கத்தில் இழுத்துத் திருத்தும் பிள்ளைகள் இருப்பார்கள். அதைக் கவனித்து, திருத்தாத தாளைப் பாராட்டுங்கள்.

நாணயத்துக்கு வந்தால், இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் காவலில் வைக்கப்பட்டிருந்த கெரிச் என்ற கணிதவியலாளர் 10,000 முறை சுண்டி 5,067 தலை எண்ணினார். நம் வகுப்பில் அவ்வளவு முடியாது. ஆளுக்கு 20 முறை சுண்டச் சொல்லலாம். அதற்கு முன் ‘எத்தனை பேருக்குச் சரியாக 10 தலை விழும்?’ என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முக்கால்வாசிப் பேருக்கு என்று சொல்வார்கள். சரியாக 10 விழ வாய்ப்பு 0.176 மட்டுமே, 40 பேரில் ஏழு பேர் அளவுக்குத்தான் அது அமையும். மற்றவர்கள் 8, 13, 7 என்று வைத்திருப்பதைப் பார்த்து, தாங்கள் ஏதோ தப்பாகச் சுண்டிவிட்டதாக நினைப்பார்கள். எல்லாவற்றையும் கூட்டுங்கள். 800 முறையில் தலை பெரும்பாலும் 372-க்கும் 428-க்கும் நடுவில் நிற்கும், அதாவது 0.465-லிருந்து 0.535-க்குள். தனித்தனியே ஆடிக்கொண்டிருந்தது ஒன்றாகச் சேர்ந்ததும் அடங்கிவிடுவதைப் பிள்ளைகள் தங்கள் எண்களிலேயே பார்க்க வேண்டும். இதை வாயால் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாடு வீண்.

வீட்டுப்பாடமாக ஒன்று உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். பாதி வகுப்பு வீட்டில் நிஜமாகவே 100 முறை சுண்டி த, பூ என்று வரிசையாக எழுதிவர வேண்டும். மீதிப் பாதி, நாணயத்தைத் தொடாமல், சுண்டியதுபோலக் கற்பனையாக எழுதிவர வேண்டும். யார் எது என்று உங்களிடம் சொல்லக் கூடாது. மறுநாள் தாளைப் பார்த்து நீங்கள் பிரித்துவிடலாம். கற்பனையாக எழுதுகிற பிள்ளை மூன்று, நான்கு தலை தொடர்ந்து வந்ததும் பயந்துபோய்ப் பூவுக்கு மாறிவிடும். நிஜமாகச் சுண்டினால், ஒரே பக்கம் ஆறு முறையாவது தொடர்ந்து விழுவதற்கு 100 சுண்டலில் சுமார் 80 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நீங்கள் ஒன்றிரண்டு தாளில் தப்பாகச் சொல்லவும் கூடும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்தப் பாடத்தை நடத்துகிறவர் நூற்றுக்கு நூறு சரியாகச் சொல்வேன் என்று நிற்பது பொருந்தாது.

இதை ஒட்டித்தான் ‘இத்தனை முறை தலை விழுந்தது, இனிப் பூதான்’ என்ற நம்பிக்கை. ஒரு வருஷம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது பத்தாம் வகுப்பில் ஒரு பெண், ‘எங்க வீட்டுலயும் அப்படித்தான் சொன்னாங்க டீச்சர். மூணு பொண்ணுக்கு அப்புறம் கண்டிப்பா பையன்தான்னு. நான் நாலாவது’ என்றாள். வகுப்பு அமைதியாகிவிட்டது. அன்று நான் நாணயத்தை மேசையில் வைத்துவிட்டு அதைப் பற்றியே பேசினேன். இயற்கையில் 100 பெண் குழந்தைக்கு 105 ஆண் குழந்தை என்ற அளவில் பிறப்பதால் அது சரியாக 1/2 இல்லை, ஆனால் முதல் மூன்று குழந்தைகள் யார் என்பது நாலாவதற்குக் கணிசமாக எதையும் மாற்றுவதில்லை. கடன் தீர்ப்பதுபோல எதுவும் ஈடுகட்டிக்கொண்டு வருவதில்லை. முதல் 10 சுண்டலும் தலையே விழுந்தால், 1,000 சுண்டல் முடியும்போது எதிர்பார்க்க வேண்டியது 500 அல்ல, 505. அந்தக் கூடுதல் தலைகளை யாரும் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை, பெரிய எண்ணில் அவை கரைந்துபோகின்றன. அந்தப் பெண்ணுக்கு இந்தக் கணக்கு என்ன ஆறுதல் தந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. தேர்வில் அந்தக் கேள்வியை அவள் மட்டும் காரணத்தோடு எழுதியிருந்தாள்.

கூட்டல் தேற்றத்துக்கு (இரண்டு நிகழ்ச்சிகளில் ஒன்றாவது நடக்க வாய்ப்பு: இரண்டின் வாய்ப்பையும் கூட்டி, இரண்டும் சேர்ந்து நடக்கும் வாய்ப்பைக் கழிப்பது) சீட்டுக்கட்டைத் தவிர்த்தே வந்தேன். பல பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், சீட்டையே தொட்டதில்லை. ஹார்ட் எத்தனை, ராஜா எத்தனை என்று மனப்பாடம் செய்வதில் பாதி நேரம் போய்விடும். தேர்வுக்கு முன் ஒரு பீரியட் கட்டை விரித்துக் காட்டினால் போதும். தேற்றத்தை முற்றத்தில் நடத்தலாம். சுண்ணாம்புக் கட்டியால் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டம் போட்டு, சைக்கிளில் வருகிறவர்கள் ஒன்றில், அண்ணனோ அக்காவோ உள்ளவர்கள் மற்றதில் நிற்கட்டும். இரண்டும் உள்ளவர்கள் எங்கே நிற்பது என்று கொஞ்சம் தள்ளுமுள்ளு நடக்கும், பிறகு நடுவில் போய் நிற்பார்கள். இரண்டு வட்டத்தையும் தனித்தனியே எண்ணிக் கூட்டச் சொல்லுங்கள். ஆள் கூடிப்போகும். யாரை இரண்டு தடவை எண்ணினோம் என்பது எதிரிலேயே நிற்கிறது. உடனே வகுப்புக்குள் வந்து, இரண்டு பகடையில் ஒரு 6-ஆவது விழ வாய்ப்பு கேளுங்கள். 1/6-ஐயும் 1/6-ஐயும் கூட்டி 12/36 என்பார்கள். ‘அப்படியானால் ஏழு பகடைக்கு 7/6-ஆ?’ என்று கேளுங்கள். (6,6) என்ற கட்டம் நடுவில் நின்ற பிள்ளைகளைப் போல இரண்டு தடவை எண்ணப்பட்டிருக்கிறது, விடை 11/36.

புத்தகத்தில் இருக்கும் நெட்டாண்டுக் கணக்கு (லீப் ஆண்டின் 366 நாளில் 52 வாரம் போக மிச்சம் அடுத்தடுத்த இரண்டு நாள், அதில் ஒன்று சனியாக இருந்து 53 சனிக்கிழமை வர 2/7), அதையும் ‘சம வாய்ப்பா?’ என்ற கேள்வியோடு ஒரு முறை பாருங்கள். நம் நாள்காட்டி 400 ஆண்டுக்கு ஒருமுறை அப்படியே திரும்புகிறது. அதில் 1,46,097 நாள், மிச்சமில்லாமல் 20,871 வாரம். அந்த 400-இல் நெட்டாண்டு 97. அது ஏழால் வகுபடாது, ஆகவே ஏழு கிழமைக்கும் அதைச் சமமாகப் பங்கிடவே முடியாது. தேர்வில் 2/7 என்றுதான் எழுத வேண்டும். அது நாம் செய்துகொண்ட ஒரு நல்ல அனுமானம் என்று மட்டும் தெரிந்திருக்கட்டும்.

இனி உறுதியில்லாத பகுதி. செய்து பார்த்துவிட்டு வரையறைக்கு வருவதா, வரையறை சொல்லிவிட்டுச் செய்து பார்ப்பதா என்பதில் நல்ல ஆசிரியர்களே இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். நான் முதல் கட்சி. ஆனால் வெறுமனே சுண்டவிட்டுவிட்டுப் பேசாமல் போன வருஷங்களில் எந்தப் பலனும் இல்லை. சுண்டுவதற்கு முன் ஊகத்தை எழுதவைத்த வருஷங்களில்தான் மாற்றம் தெரிந்தது. வயதானால் தானாகப் புரிந்துவிடும் என்று நினைப்பதும் சரியில்லை. ஃபிஷ்பெய்ன், ஷ்னார்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், சில தவறான எண்ணங்கள் வயது ஏற ஏறக் குறைந்தன, சில கூடின. கூடியவற்றில் ஒன்று, சிறிய கூறுக்கும் பெரிய கூறுக்கும், அதாவது கொஞ்ச முறை செய்து பார்ப்பதற்கும் நிறைய முறை செய்து பார்ப்பதற்கும், வித்தியாசம் பார்க்காதது. அந்த 20, 800 விளையாட்டுக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பது அதனால்தான்.

மழை அறிவிப்பை எடுத்துக்காட்டாகச் சொல்வதென்றால் ஒன்றைக் கவனியுங்கள். ‘ஓரிரு இடங்களில் மழை’ என்று வானிலை ஆய்வு மையம் சொல்வது பரப்பைப் பற்றியது, மழை வரும் வாய்ப்பைப் பற்றியது அல்ல. நான் இரண்டையும் கலந்து சில வருஷம் தப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

மதிப்பெண்ணுக்குக் கூறுவெளி S, n(S), நிகழ்ச்சி A, n(A), P(A) என்ற வரிசையை ஒரு வரி விடாமல் எழுதப் பழக்குங்கள், அதில் சமரசம் வேண்டாம். நான் கூடுதலாகக் கேட்டது ஒன்றுதான்: S-க்குக் கீழே ‘எல்லாம் சம வாய்ப்பு, ஏனென்றால்’ என்று அரை வரி. பொதுத்தேர்வில் அதற்கு மதிப்பெண் இல்லை, வகுப்புத் தேர்வில் நான் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து எட்டுப் பீரியட் ஆகும். நேரம் இல்லையென்றால் தாயக்கட்டையும் 20 சுண்டலும் இருக்கட்டும், மற்றதைக் குறைத்துக்கொள்ளுங்கள். புளியங்கொட்டையை வீட்டிலேயே தேய்த்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். வகுப்பில் சிமெண்ட் தரையில் தேய்க்கவிட்டால் கொட்டை நன்றாகச் சூடேறும், அதைப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்துவிடுவார்கள்.